கம்பியில் கோத்த ஏழு கவர்கள்

நான் செய்த பாவங்களில் பெரியதைக் கத்தரிக்கோலால் செய்தேன். செய்யும்போது அதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் எனக்கு வேலை. வருகிற தபாலைப் பிரித்து உரிய மேஜைக்கு அனுப்ப வேண்டும். போகிற தபாலுக்கு விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் எட்டேகால் பஸ், சாயங்காலம் ஆறு மணி பஸ். எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளெல்லாம் எங்கள் துணியைக் கேட்டு எழுதும். படித்து முடித்த கவர்கள் குப்பைக் கூடைக்குப் போவதற்கு முன் ஸ்டாம்பு இருக்கிற மூலையை வெட்டி எடுத்துக்கொள்வேன். வீட்டில் அகலமான வட்டிலில் தண்ணீர் வைத்து ஊறப்போட்டால் அரைமணி நேரத்தில் ஸ்டாம்பு தனியாக, காகிதம் தனியாகப் பிரிந்து மிதக்கும். ஸ்டாம்பை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பேன். காகிதத்தைக் கொல்லையில் கொட்டுவேன்.

அதன் மேல் இருந்த முத்திரை எனக்கு அப்போது அழுக்கு. நல்ல ஸ்டாம்பின் முகத்தில் மையைப் பூசிவிடுகிறார்களே என்று தபால் இலாகாவைத் திட்டியிருக்கிறேன். லேசாக முத்திரை விழுந்த ஸ்டாம்பு கிடைத்தால் அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூட இறங்கும்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் வளையல், ரிப்பன், ஊக்கு விற்கும் கடை வைத்திருந்தார். பஸ் வரும்வரை அந்தக் கடை நிழலில் நிற்பது என் வழக்கம். கடைச் சுவரில் ஆணியடித்து ஒரு வளைந்த கம்பி தொங்கும். கடைக்கு வந்த கடிதம், ரசீது எல்லாம் அதில் குத்தி ஏற்றப்பட்டிருக்கும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. ஊரில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். பீரோவும் ஃபைலும் யாரிடம் இருந்தது?

ஒருநாள் அந்தக் கம்பியில் ஒரு பம்பாய் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டேன். கேட்டேன். பாய் தயங்கவில்லை.

"எடுத்துக்கிடுங்க தங்கச்சி. கடுதாசி மட்டும் இருக்கட்டும். அம்மா அப்பப்ப கேப்பாவ."

கம்பியிலிருந்து கழற்றக்கூட இல்லை. பையிலிருந்த கத்தரிக்கோலால் ஸ்டாம்பை ஒட்டி நறுக்கென்று வெட்டினேன். கவரில் ஒரு சதுர ஓட்டை விழுந்தது. "கவர் எதுக்கு பாய், அது வெறும் குப்பை. தலைதான் முக்கியம்" என்று வேறு சொன்னேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் கடிதம் பாயின் தம்பி எழுதியது. பத்தொன்பது வயதில் பெற்ற அத்தாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவன். இரண்டு வருஷம் கழித்து முதல் கடிதம். 'அம்மாவுக்கு, நல்லா இருக்கேன். கவலைப்படாதிய. உங்க மகன்.' அவ்வளவுதான். விலாசம் இல்லை. தபால்காரர் முத்திரையைப் பார்த்துப் பம்பாய் என்று சொல்ல, பாய் ரயிலேறிப் போய்ப் பத்து நாள் தெருத்தெருவாய்ச் சுற்றிவிட்டு வந்தார். "பம்பாயில ஒரு ஆளத் தேடுறதும் கடல்ல போட்ட உப்பத் தேடுறதும் ஒண்ணு" என்றார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றாகக் கடிதம் வந்தது. ஒவ்வொன்றும் அதே மூன்று வரி. முத்திரையைப் பார்ப்பதையே அவர்கள் விட்டுவிட்டார்கள். பார்த்து என்ன பிரயோசனம்? கடிதம் கம்பிக்குப் போகும். ஸ்டாம்பு எனக்கு வரும். ஐந்தாவது கடிதம் முதல் பாயே அழகாக வெட்டி, தீப்பெட்டியில் போட்டு எனக்கென்று எடுத்துவைக்கத் தொடங்கினார். அந்த அளவுக்கு நான் அவரைப் பழக்கிவைத்திருந்தேன்.

என் கண்ணைத் திறந்தது ஒரு வழிதவறிய கவர்.

கம்பெனிக்கு வந்த கவர்தான். வடக்கே எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் எழுதியவர் ராஜபாளையம் என்ற பெயரை அரைகுறையாகக் கேட்டு எழுதிவிட்டிருந்தார். வழக்கம்போல வெட்டப் போனேன். தற்செயலாகத் திருப்பினேன். முதுகு முழுக்க முத்திரை. எண்ணினேன், ஏழு. ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தேன். மதுரை. விருதுநகர். ஆலங்குளம். அங்கிருந்து மறுபடி விருதுநகர். வத்திராயிருப்பு. பிறகு எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். கடைசியில் ராஜபாளையம். ஒவ்வொன்றிலும் தேதி. பதினோரு நாள் அந்தக் கவர் எங்கள் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே, வீடு தெரியாத விருந்தாளி மாதிரி, கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முகம் தெரியாத ஏழு பேர் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட 'தொலையட்டும் சனியன்' என்று மூலையில் போடவில்லை. ஒவ்வொருவரும் 'இங்கே வந்தது, இன்ன தேதி' என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டு அடுத்த பையில் சேர்த்திருக்கிறார்கள். எதற்கு? ஐந்து கட்டுப் பேண்டேஜ் துணிக்கு! எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. கோவில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்தவள் நான். சந்நிதியில் நிற்கும்போதுகூட, உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்கு வந்த பிரமிப்பு எனக்கு வந்ததில்லை. பெருமாள் மன்னிக்கட்டும்.

கத்தரிக்கோலைத் தையல் பெட்டியில் போட்டேன். அன்றிலிருந்து கவர் கவராகவே இருக்கும்.

பிறகு பைத்தியம் பிடித்ததுபோல் அலைந்தேன். ராஜபாளையத்துப் பழைய வீடுகளில் பரணில் கிடந்த கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். கடிதத்தை உருவித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கவர் மட்டும் போதும். மேலே விலாசம் தமிழில் இருக்கும், உள்ளே கடிதம் தெலுங்கில் இருக்கும். வெள்ளைக்கார ராஜா தலை போட்ட ஸ்டாம்புகள், பித்தளைத் தகட்டில் செதுக்கியதுபோல் சுத்தமான வட்ட முத்திரைகள். எல்லாக் கவரிலும் நட்டநடுவே கம்பி ஓட்டை. வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் ஓட்டை விழுந்த கவரைத் தொடமாட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. தொடாவிட்டால் போகட்டும், எங்கள் ஊர்க் கவருக்குக் காது குத்தியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணக் கவர்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மூலையில் கறுப்பு மை பூசிய கருமாதிக் கடிதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாவுச் செய்தியைப் படித்த கையோடு கிழித்து வாசலுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. என் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஒருவர் எங்கள் தாலுகாவில் ஐம்பது வருஷமாக எல்லோரும் கல்யாணம் மட்டுமே செய்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் சாகவில்லை என்றுதான் நினைப்பார்.

பழசு போதாதென்று புது முத்திரைகளுக்கும் கிளம்பினேன். சுற்றுப்பட்ட ஒவ்வொரு தபால் ஆபீசுக்கும் லீவு போட்ட நாட்களில் பஸ் ஏறிப் போய், என் விலாசத்துக்கு நானே ஒரு கார்டு எழுதி, சீலைத் தெளிவாகக் குத்தச் சொல்லி வாங்குவேன். கல்யாணமாகாத பெண் ஊர் ஊராய்ப் போய் முத்திரை குத்திக்கொண்டு வருகிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். அப்பாவுக்கு வருத்தம்தான். நந்தவனத்துப் பூக்குடலையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார்.

பிளவக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் தபால் ஆபீஸ் என்பது போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்னறை. நான் கைப்பையும் கண்ணாடியுமாய்ப் போய் நின்றதும், இன்ஸ்பெக்டர் அம்மா வந்துவிட்டார் என்று அவர் கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி கோலி சோடாவோடு. நான் யார் என்று சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"சீலு மட்டுமா வேணும்? சீலுக்கா பஸ் ஏறி வந்திய?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு பழைய பேப்பரில் நாலு தரம் குத்திப் பழகி, மூச்சை அடக்கிக்கொண்டு என் கார்டில் ஒரே போடு. தெளிவாக விழுந்ததைப் பார்த்து அவரே அசந்துவிட்டார். "இம்புட்டு நாளு குத்துதேன், இத இன்னிக்குத்தான் பாக்கேன்" என்றார்.

ஆலங்குளத்துக்கு இரண்டு தடவை போனேன். சிமெண்டு ஆலையும் சுண்ணாம்புக்கல் குவாரியும் உள்ள ஊர். திரும்பி வந்தால் செருப்பு, பை, தலைமுடி எல்லாம் வெள்ளைப் புழுதி. எங்கள் ஊரை ஒட்டிய மடவார் வளாகத்துச் சின்னத் தபால் ஆபீசுக்கு நடந்தே போய் வந்தேன். அந்த முத்திரையின் வளையத்தில், கீழே இடதுபக்கம், தேய்ந்து போய் ஒரு பல் விழுந்த மாதிரி சின்ன இடைவெளி உண்டு. மனிதருக்கு மச்சம்போல ஒவ்வொரு முத்திரைக்கும் இப்படி ஏதாவது இருக்கும். ஊர்ப் பெயரை மறைத்துவிட்டாலும் வளையத்தை வைத்தே இன்ன ஊர் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

இத்தனை தேறியவள் பாயிடம் மட்டும் 'இனிமேல் வெட்டாதீர்கள்' என்று சொல்ல மறந்துபோனேன். அவர் ஆசையாக நீட்டிய தீப்பெட்டிகளை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவந்தேன். மூன்று தீப்பெட்டி.

தொண்ணூறாம் வருஷம், பொங்கல் கழிந்து சில வாரம் இருக்கும். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். பாய் கடைக்கு வெளியே வந்து நின்றார்.

"தங்கச்சி, செத்த நேரம் வாங்க. ஒரு சங்கதி."

அவருடைய அம்மாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியதில், போன பார்வை திரும்பாது, இருப்பதும் இந்த வருஷத்துக்குள் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த அம்மா அழவில்லையாம். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்.

"கண்ணு இருக்கையில அவன் மொகத்த ஒருதரம் பாத்துக்கிடணும். பொறவு இருட்டானா ஆகட்டும்."

பாய் என்னையே பார்த்தார். "நீங்க சீலு படிக்கிறவுகன்னு ஊரே சொல்லுது. எங்களுக்கு ஒரு வழி காட்டுங்க. அவன் எங்கிட்டு இருக்கான்னு அந்தக் கவரப் பாத்து சொல்ல முடியுமா?"

முத்திரை ஸ்டாம்பின் மேல்தான் பாதிக்குமேல் விழும். அந்தப் பாதியை வெட்டி எடுத்துப்போய்த் தண்ணீரில் ஊறப்போட்டவள் நான். ஒரு தாய்க்கு மகன் இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயை வருஷா வருஷம் கத்தரித்திருக்கிறேன். அவர் கும்பிடாத குறையாக என்னிடமே வந்து வழி கேட்கிறார். 'நான்தான் பாய் கெடுத்தேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. "கம்பியோட எடுத்து வைங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலையில் என்னிடமிருந்த ஸ்டாம்பு அத்தனையையும் மூன்று பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். தீப்பெட்டிகளையும் எடுத்துக்கொண்டேன். பாய் வீட்டில் கோரைப்பாயை விரித்து, கம்பியிலிருந்து உருவிய ஏழு கவர்களையும் வரிசையாக வைத்தோம். ஏழிலும் ஒவ்வொரு சதுர ஓட்டை. அந்த அம்மா என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"அம்மா, இந்த ஓட்டையெல்லாம் நான் போட்டது. வெட்டாம இருந்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

அவர் கவர் ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கேட்டுத்தான எடுத்த? நாங்களும் குடுத்தோம். அழாத, வேலயப் பாரு" என்றார்.

முதல் கவர் பம்பாய், அது தெரிந்ததே. இரண்டாவதில் கவர்மேல் மிச்சமிருந்த வளையத் துண்டில் ஈரோடு என்று படிக்க முடிந்தது. மூன்றாவதற்கு உரிய ஸ்டாம்பு என்னிடம் இல்லை; யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டேன் போல. நாலாவதுக்கு டப்பாவைக் கவிழ்த்து, ஆயிரக்கணக்கில் கிடந்ததில் ஒவ்வொன்றாய் ஓட்டையில் வைத்து வளையம் வளையத்தோடு சேருகிறதா என்று பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு ஸ்டாம்பு உட்கார்ந்தது. வெளியே இருந்த கோடும் உள்ளே இருந்த கோடும் ஒன்றாகி ஒரு முழு வட்டம் ஆனது. மதுரை.

"பம்பாய், ஈரோடு, மதுரை" என்று பாய் விரலை மடக்கினார். "கிட்டக்க கிட்டக்க வந்திருக்கானே!"

மூன்று கவர்களையும் அந்த வரிசையில் ஒதுக்கிவைத்தேன். மூன்று வரிக்கு மேல் எழுதத் துணியாதவன், தனக்கே தெரியாமல் கவரின் மேலே வேறு ஒரு கடிதம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறான்.

கடைசி மூன்றுக்கும் தேட வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டியில் இருந்தவை பாய் வெட்டியவை. நான் ஊறப்போடாததால் பின்காகிதத்தோடு அப்படியே இருந்தன. முதல் தீப்பெட்டியைத் திறந்து துண்டை எடுத்து ஐந்தாவது கவரின் ஓட்டையில் வைத்தேன். வெட்டிய ஓரம் ஓரத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. நான் ஊர்ப் பெயரைப் படிக்கவே இல்லை. அதற்கு முன்னால் கண் வளையத்துக்குப் போய்விட்டது. கீழே இடதுபக்கம், பல் விழுந்த இடைவெளி.

அடுத்த கவரிலும் அதே இடைவெளி. அதற்கடுத்ததிலும் அதே.

"என்ன தங்கச்சி, எந்த ஊரு? தூரமா?" என்றார் பாய்.

"மடவார் வளாகம்" என்றேன்.

பாய்க்குப் புரியவில்லை. இங்கிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ராஜபாளையம் பஸ் ஊருக்குள் நுழைகிறதற்கு முந்தின நிறுத்தம். மூன்று வருஷமாக அவன் ஊர் வாசல்வரை வந்து, அங்கிருக்கிற பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். ஒரு கடிதம் ஒரு மைல் பயணம் செய்து வீட்டுக்கு வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதை எங்கிருந்தோ கடல் தாண்டி வந்ததுபோல் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார்கள்.

பாய் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. "அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணுனதுக்குப் பொறவுதான் இந்த மூணும்" என்றார். "எவன் மூலமாவோ கேள்விப்பட்டிருப்பான். மய்யித்துக்கு வராதவன் எந்த மொகத்தோட வாசப்படி ஏறுவான்?"

அந்த அம்மா அழவில்லை. "எந்தத் தேதி?" என்று என்னைக் கேட்டார்.

மூன்று தேதிகளும் மூன்று விதம். ஒன்று ஜூலைக் கடைசி, மற்ற இரண்டும் ஆகஸ்டில் வெவ்வேறு நாள். ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. தேதிகளைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அப்பாவின் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டினேன். எங்கள் வீட்டில் வருஷமெல்லாம் நட்சத்திரக் கணக்கில்தான் ஓடும். இங்கிலீஷ் தேதி பால்காரனுக்கு மட்டும். முதல் தேதிக்கு நேராக அப்பா பென்சிலால் எழுதியிருந்தார்: பூரம். இரண்டாவதுக்கு நேராகவும் பூரம். மூன்றாவதைப் பார்க்கவே தேவையில்லை என்றாலும் பார்த்தேன். ஆண்டாள் பிறந்த ஆடிப்பூரம், மூன்று வருஷமும். காலண்டருக்கு அது தேதி மாறுகிற நாள். எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு மாறாத நாள். நான் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு வைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி வீட்டைவிட்டுப் போனதே ஆடிப்பூரத்து அன்றைக்குத்தானாம். கடையில் உட்காரச் சொன்னால் கல்லாவைத் திறந்துபோட்டுத் திருவிழா வேடிக்கை பார்க்கப் போய்விட்டான். அத்தா அத்தனை கூட்டத்துக்கு நடுவில் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டார். அவன் அப்படியே கூட்டத்தோடு போனவன்தான். "திருவிழா நெருக்கடியில ஏவாரம் பாக்கவே நேரம் பத்தாது. எந்தக் கடுதாசி எப்ப வந்துச்சுன்னு யாரு கண்டா?" என்றார் பாய்.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அந்த அம்மாவின் கண்ணுக்கும் அவ்வளவுதான் கெடு. மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பேன். சித்திரையில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனியில் குரலை வைத்துத்தான் கண்டுகொண்டார்.

ஆடிப்பூரத்தன்று ஊர் முழுக்கக் கோவில் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் எதிர்ப்பக்கம் போனோம். காலை ஏழு மணிக்கே மடவார் வளாகத்துத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அந்த அம்மாவை உட்காரவைத்தோம். எங்களை அவர் விரட்டிவிட்டார்.

"நீங்க ஒருத்தரும் பக்கத்துல நிக்கப்படாது. அண்ணங்காரனக் கண்டாம்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஓடிருவான். போங்க."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைப் பந்தலுக்குள் நானும் பாயும் நின்றோம். அப்போதுதான் அந்த அம்மா செய்ததைப் பார்த்தேன். பார்வை மங்கியவர் வருகிறவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று நான் ஆறு மாதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் வலது கையைத் தூக்கி, பெட்டியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கடிதம் போட வருகிற எவரும் அந்தக் கையைத் தாண்ட முடியாது.

"ஏங்கிட்டக் குடுய்யா, நான் போடுதேன்" என்று ஒவ்வொருவரிடமும் வாங்கி, கவரைத் தடவி, ஒரு பேச்சுக் கொடுத்து, குரலைக் கேட்டு, பிறகு உள்ளே போட்டார். சிலர் முறைத்தார்கள். ஒருவர் பைத்தியம் என்று நினைத்து எட்டணாவை மடியில் போட்டுவிட்டுப் போனார்.

பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. வெயில் பெட்டிக்குமேல் வந்தது. பாய் குடையோடு போகப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு மணிக்கு மேல் ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவன் மட்டும் நகரவில்லை. முப்பது வயது இருக்கும், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. துவைத்த சட்டைதான், ஆனால் செருப்பிலும் தோள்பையிலும் வெள்ளைப் புழுதி. அது ஆலங்குளத்துக் குவாரிப் புழுதி என்று எனக்குத் தெரியும். கையில் கவர்.

அவன் பெட்டியைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பாயின் விரல்கள் என் மணிக்கட்டை நொறுக்கின. ஒரு பஸ் வந்தது, போனது. அவன் ஏறவில்லை. இன்னொரு பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தான், எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு நேரே நடந்து போய் அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றான். வாயைத் திறக்காமல் கவரை நீட்டினான்.

அவர் வாங்கினார். தடவினார். உள்ளே போடவில்லை.

"எந்த ஊருக்குய்யா போடுத?"

அவன் குனிந்து பதில் சொன்னான். ரோட்டைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"இங்கனதாம்மா."

பெட்டி வாயை மூடியிருந்த கை எழும்பி அவன் முகத்துக்குப் போனது. நெற்றி, கண், மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாய்த் தொட்டு, பிறகு இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துத் தன் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, எந்தப் பக்கத்தில் பார்வை மிச்சமிருக்கிறதோ அந்தப் பக்கத்தால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் புழுதியில் மண்டியிட்டிருந்தான். பாய் அழுதுகொண்டே ரோட்டைக் கடந்து ஓடினார்.

அந்த நேரம் பார்த்துத் தபால் ஆபீஸ்காரர் சாவியோடு பெட்டியைத் திறக்க வந்தார். பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் வாரிக்கொண்டு, அந்த அம்மாவின் மடியில் கிடந்த கவரைக் காட்டினார்.

"அம்மா, அதயும் குடுங்க. தபால் கட்டு கெளம்பப் போவுது."

அந்த அம்மா தன் மகன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது வந்து சேந்துருச்சுய்யா" என்றார்.